வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு பலாமர மேசை

2023 ஒக்ரோபர் முதல் வாரத்தில், பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை. நான் போனபோது கட்டில்களும் கண்ணாடி அலுமாரியும் ஏற்கெனவே விலைப்பட்டிருந்தன. குசினிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு எழுத்து மேசை நின்றது. 4 அடி நீளம், 2 அடி அகலம், வலப்பக்கத்தில் மூன்று லாச்சி (இழுப்பறை). உடம்பு முழுக்கத் தடித்த மண்ணிற எனாமல். மேற்பலகையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த வட்டம் கருகிக் கிடந்தது.

விற்றவர் "அசல் தேக்கு" என்று சொன்னார். 30,000 ரூபா கேட்டு, 22,000க்குத் தந்தார். தேக்கு என்ற அந்தச் சொல்லை நான் சோதிக்கவில்லை. இந்த மேசையில் நடந்த பிழை எல்லாவற்றுக்கும் தொடக்கம் அதுதான். மரம் எது, அதன் மேல் முதலில் பூசியது எது என்ற இரண்டும் தெரியாமல் பழைய சாமானில் சாண்ட் பேப்பரை வைக்கக்கூடாது. எனக்கு அது தெரிய வந்த விதத்தை முழுமையாக எழுதி வைக்கிறேன். இதே பிழையை எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளிலாவது பார்த்திருக்கிறேன். அங்கே அதைப் பிழையென்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

வந்த நிலை

பட்டா லொறியில் கொண்டுவந்து, லிஃப்டுக்குள் நுழையாததால் இரண்டு பேர் படியால் மூன்றாம் மாடிக்குத் தூக்கினார்கள். அன்றிரவு மகள் நித்திரையான பிறகு டோர்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன்.

எனாமல் ஒரு பூச்சு இல்லை, இரண்டு. பொரிந்த இடங்களில் மண்ணிறத்துக்குக் கீழே வெளிர்பச்சை தெரிந்தது. பின்பக்க வலக்காலின் அடியில் ஊசி குத்தியது போலத் துளைகள். தட்டினால் மா போலத் தூள் கொட்டியது. இரண்டாவது லாச்சியின் முன்பலகை ஒரு பக்கம் கழன்று ஆடியது. பித்தளைக் கைபிடி மூன்றில் ஒன்று இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்த இரும்பு ஆணிகள் கடற்காற்றில் துருவேறி, சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கியிருந்தன.

லாச்சிகளை இழுத்துக் கவிழ்த்தபோதுதான் இந்த மேசை மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. முன்பலகையும் பக்கப்பலகையும் புறாவின் வால் போல விரிந்த பற்களால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தன. பற்கள் ஒரே அளவில் இல்லை. ஒன்று சற்று அகலம், அடுத்தது ஒடுக்கம். கையால் வெட்டிய வேலை. மூன்று பின்பலகைகளிலும் உளி நுனியால் கீறிய கோடுகள் இருந்தன: ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. எந்த லாச்சி எந்தத் தட்டுக்கு என்று செய்த தச்சர் போட்ட அடையாளம். பிற்காலத்தில் யாரோ இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். இரண்டும் இறுகி நின்றதற்குக் காரணம் அதுதான். இடம் மாற்றிப் போட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

லாச்சி என்ற சொல்லே ஒல்லாந்தருடைய 'லாட்யே'. மேசையும் கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தவை. 1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு, இங்குள்ள தச்சர்கள் அவர்களுக்காகச் செய்த தளபாடங்களை, பல வருடங்களுக்கு முன் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். என் மேசை அவ்வளவு பழையது இல்லை. ஆனால் அந்தப் பற்களை வெட்டிய கைப்பழக்கம் அந்த வழியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பிழை

அடுத்த சனிக்கிழமை, அலுவலகத்தில் கூட வேலை செய்பவரிடம் மின்சார சாண்டர் இரவல் வாங்கி, மேசையைப் பல்கனிக்கு நகர்த்தி, மேற்பலகையின் இடது மூலையில் 80ஆம் இலக்கத் தாளை வைத்து ஓட்டினேன். தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்கு.

முதலில் மண்ணிறம் போனது. பிறகு பச்சை. பிறகு தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. நன்றாக வருகிறது என்று இன்னும் சற்று அழுத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தேன் நிறம் போய்விட்டது. அதற்குக் கீழே பளீரென்ற மஞ்சள். அம்மியில் மஞ்சள் அரைத்து வழித்த பிறகு கல்லில் ஒட்டியிருக்குமே, அந்த மஞ்சள். என் கையிலும் தரையிலும் பல்கனிக் கம்பியிலும் அதே தூள்.

கீழ் வீட்டு ஐயா படியேறி வந்தார். அவருடைய கொடியில் காய்ந்த வேட்டியில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் விழுந்திருந்தது. கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இளமையில் வட்டுக்கோட்டைப் பக்கம் தச்சு வேலை செய்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"பிள்ளை, உதை முதல்லை நிப்பாட்டும்" என்றார்.

நிறுத்தினேன். மஞ்சள் பட்ட இடத்தை விரலால் தொட்டு, மணந்து பார்த்தார்.

"தேக்கெண்டு ஆர் சொன்னது? தேக்கெண்டால் தோல் மணம் வரும், தூள் மண்ணிறமாய் இருக்கும். இது பிலா. பிலாக்கட்டை உள்ளுக்கை இப்பிடித்தான் மஞ்சள். நீர் இப்ப உரிச்சது வருசக்கணக்கிலை ஏறின நிறம். அது மயிரிழைத் தடிப்புத்தான் இருக்கும்."

"திரும்ப வருமா ஐயா?"

"வரும். ஆனால் அதுக்கு அவசரமில்லை. உமக்குத்தான் அவசரம்."

பலாமரத்தின் வைரத்தில், அதாவது உள்ளே முற்றிய மரத்தில், மோரின் என்ற மஞ்சள் சாயப்பொருள் இருக்கிறது. பிக்குமாரின் காவி உடையான சீவரத்துக்குச் சாயமிட பலாச் சிராய்களைத் தண்ணீரில் அவித்து எடுப்பது இங்கே பழைய வழக்கம். அந்தச் சாயம் இதுதான். புதிதாக அறுத்த பலகை மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு, மாதங்களில் பொன்னிறமாகி, வருடங்களில் செம்மண்ணிறத்துக்கு இறங்கும். இந்த மாற்றம் மேல்தோலில் மட்டும் நடப்பது. மின்சார சாண்டருக்கு அது இரண்டு நிமிட வேலை.

விற்றவர் தெரிந்து பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நான் பார்த்திருக்க வேண்டும். லாச்சியின் அடிப்பலகையில் ஒரு சிராய் எடுத்திருந்தால் மஞ்சள் தெரிந்திருக்கும். தேக்கு இல்லை என்பதற்காக நான் ஏமாந்ததாகவும் நினைக்கவில்லை. பலாமரத்தை நினைத்த மாத்திரத்தில் வெட்ட இந்த நாட்டில் முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவைக் காக்கிறது, வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். பஞ்சகாலத்தில் சோறாக இருந்த மரம் அது. நாடு முழுக்கப் பலாக்கன்று நட வைத்த ஆதர் வீ. டயஸை 'கொஸ் மாமா' (பலா மாமா) என்று சிங்களச் சனம் இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறது. இப்படிப்பட்ட ஒரு மரத்தின் வைரப்பலகை 2 அடி அகலத்தில் மூன்றே துண்டாக இணைந்து கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

மஞ்சள் திட்டு உள்ளங்கை அளவு. அதைவிடப் பெரிய பிழை ஒன்றை ஐயா போன பிறகுதான் உணர்ந்தேன். பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல். இந்த மேசையின் இரண்டு பூச்சும் அதற்கு மிகவும் முந்தியவை. பழைய எனாமலை உலர்ந்தபடி தேய்ப்பது ஈயத் தூளைக் காற்றில் விடுவதற்குச் சமம். தூள் விழுந்த அதே பல்கனியில்தான் நான்கு வயது மகள் விளையாடுவாள். குழந்தைகள் தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பதால் ஈயம் முதலில் போய்ச் சேருவது அவர்கள் உடம்பில்தான். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அன்று பின்னேரமே மகளைக் கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டில் விட்டேன். விளக்குமாற்றைத் தொடவில்லை, கூட்டினால் தூள் மறுபடி எழும்பும். ஈரத் துணியால் மூன்று தரம் துடைத்து, துணிகளைப் பொலித்தீன் பையில் கட்டி எறிந்தேன். ஐயாவின் வேட்டியையும் கேட்டு வாங்கித் தனியாகத் தோய்த்துக் கொடுத்தேன்.

ஒரு துளி ஸ்பிரிட்

மறுநாள் ஐயா ஒரு சோதனை காட்டித் தந்தார். மேசையின் கீழே, கால் நுழைக்கும் இடத்தின் உட்பக்கத்தில், பெயின்ற் தூரிகை எட்டாத ஒரு கையகல இடம் இருந்தது. அங்கே பஞ்சில் நனைத்த ஸ்பிரிட்டை ஒரு துளி வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தொடச் சொன்னார். ஒட்டியது. பஞ்சில் செம்மண்ணிறம் இறங்கியது.

ஸ்பிரிட்டில் இளகினால் அது அரக்குப் பூச்சு, நாங்கள் பிரெஞ்ச் பொலிஷ் என்று சொல்வது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், பொலியூரிதேன், எனாமல் இவற்றில் ஒன்றாக இருக்கும். இவ்வளவுதான் சோதனை. இதைச் செய்ய ஒரு தேக்கரண்டி ஸ்பிரிட் போதும்.

இந்த மேசைக்கு இந்த விடை மிகப் பெரிய செய்தி. தச்சர் முதலில் அரக்கு பொலிஷ் ஏற்றி, வழவழவென்று முடித்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பொலிஷைச் சுரண்டாமல், அதன் மேலேயே எனாமலை அடித்துவிட்டார்கள். வழுக்கும் தரையில் எனாமல் நன்றாகப் பிடிக்காது. அவர்கள் அக்கறையில்லாமல் செய்த வேலைதான் மரத்தின் நிறத்தை இத்தனை வருடம் மூடிக் காத்திருக்கிறது. சாண்ட் பேப்பர் தேவையே இல்லை.

ஆனாலும் அதற்கு முதல், பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் விசாரித்தேன். "கோஸ்டிக் சோடா கரைச்சு ஊத்துங்க, ஒரு மணித்தியாலத்துல எல்லாம் வழிஞ்சிரும்" என்று ஆலோசனை சொன்னார்கள். பெயின்ற் வழியும், உண்மை. கூடவே மரம் கறுக்கும், இணைப்புகளில் உள்ள வச்சிரம் (தச்சர்களின் பழைய பசை) கரையும், தெறித்தால் தோல் வேகும். பெயின்ற் உரிக்கும் ஜெல்லும் இருந்தது. அதில் டைகுளோரோமீதேன் உள்ள வகை, மூடிய இடத்தில் சுவாசித்தால் உயிராபத்து. தொடர்மாடிக் குடியிருப்பில் இரண்டுமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கையுறை, என்95 முகக்கவசம், தண்ணீர் தெளிக்கும் போத்தல், மூன்று லீற்றர் ஸ்பிரிட், அரைக் கிலோ அரக்குச் செதில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உரிக்கும் ஆயுதம் ஐயா தந்தது: யன்னல் கண்ணாடியில் வெட்டிய ஒரு துண்டு, ஒரு பக்க விளிம்பு மட்டும் கூர், மற்ற மூன்று பக்கமும் துணிப் பிளாஸ்திரி சுற்றியது. எங்கள் தச்சர்கள் இழைப்புளி போன பிறகு மரத்தை மெருகாக்கக் கண்ணாடித் துண்டால்தான் சுரண்டுவார்களாம். பெயின்ற் பொரிந்த ஒரு விளிம்பில் வைத்து, தண்ணீர் தெளித்து, சரிவாகப் பிடித்துத் தள்ளினேன். 'சடக்' என்று ஒரு செதில் தெறித்தது. மீன் வெட்டும்போது செதில் பறக்குமே, அப்படி. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் மண்ணிறம், விளிம்பில் பச்சைக் கோடு. உட்பக்கம் பளபளவென்று இருந்தது. அதில் மரத்தின் ரேகைகள் அச்சாகப் பதிந்திருந்தன. பொலிஷின் பளபளப்பை எனாமல் தன் முதுகில் எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

மேற்பலகைக்கு ஐந்து மணித்தியாலம் பிடித்தது. பக்கப்பலகைகளும் கால்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமை. விழுந்த செதில்களை நனைந்த பத்திரிகைத் தாளில் சுருட்டிக் கட்டினேன். கண்ணாடி நுழையாத பொழிகளில் பழைய பற்தூரிகையும் ஸ்பிரிட்டும். அடுப்பு வைத்த வட்டம் மரம் வரை கருகியிருந்தது. அதை மட்டும் மெதுவாகச் சுரண்டினேன், முழுவதும் போகவில்லை. முதல் லாச்சிக்குள் பெரிய மைக்கறை ஒன்று உண்டு. ஒக்சாலிக் அமிலம் இரும்புக் கறையை எடுக்கும், மைக்கறையும் வெளுக்கும் என்று தெரியும். துருக்கறைகளுக்கு அதைப் பாவித்து, நிறையத் தண்ணீரால் துடைத்தேன். மைக்கறையை விட்டுவிட்டேன். எழுத்து மேசையில் மை கொட்டியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

காலும் லாச்சியும்

காலில் தூள் கொட்டியது கறையான் இல்லை. கறையான் மண் புற்றுக் கட்டிக்கொண்டு வரும். இது மா போல மெல்லிய தூள், துளை ஒன்று இரண்டு மில்லிமீற்றர். மரத்தின் வெளிறை, அதாவது வைரத்துக்கு வெளியே உள்ள மென்மரத்தை, தின்னும் வண்டு. பலாவின் வைரத்தை அது தொடாது. அந்தக் காலின் பின்விளிம்பில் விரல் அகலத்துக்கு வெளிறு சேர்ந்திருந்தது, அதில்தான் அத்தனை துளையும். பூச்சு போன வெறும் மரத்தில் போரக்ஸ் கரைசலைச் சூடாக மூன்று தரம் பூசினேன். பிறகு காலடியில் கறுப்புக் கடதாசி விரித்து வைத்தேன். புதுத் தூள் விழுந்தால் கறுப்பில் உடனே தெரியும். ஆறு கிழமை பார்த்தேன், விழவில்லை. துளைகளை மெழுகால் அடைத்தேன். தரை துடைக்கும் ஈரம் ஏறாமல் நான்கு காலடியிலும் றப்பர் துண்டு.

கழன்ற லாச்சியில் பழைய வச்சிரம் கண்ணாடிச் சிம்பு போலக் காய்ந்திருந்தது. அதன் மேல் புதுப் பசை போட்டால் பிடிக்காது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை அரை மணித்தியாலம் சுற்றிவைக்க, வச்சிரம் இளகி வந்தது. சுத்தமாகத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, வெள்ளைப் பசை போட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். பலகையை இறுக்கும் கிளாம்ப் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. டியூப் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுத்தும்.

மழைக்குள் பொலிஷ்

நவம்பர் முதல் வாரம். தீபாவளி 12ஆம் திகதி. ஐயா "தை வரட்டும்" என்று சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை.

அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க அடிக்கடி கலக்கி, மெல்லிய துணியில் வடித்தேன். ஒரு லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல் போடவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பக்கப்பலகையில் முதல் பூச்சைத் தூரிகையால் போட்டேன். அழகாக வந்தது. ஐந்து மணிக்கு இடி முழங்கி மழை கொட்டியது. யன்னலைச் சாத்தினேன், ஆனால் வீடு முழுக்க ஈரக்காற்று. ஆறு மணிக்குப் பார்த்தால் பலகை முழுக்கப் பால் கலந்த தண்ணீர் ஊற்றியது போல வெளுத்திருந்தது. மரமே மறைந்துவிட்டது.

ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த பரப்பில் அந்த ஈரம் படிந்து பூச்சுக்குள் சிக்கும். வெள்ளையாகத் தெரிவது அதுதான். ஒக்ரோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர மழை வழமை. அந்த நேரத்தில் அரக்கு பூச வெளிக்கிட்டது என் பிழை. ஆனால் இது மரத்துக்கு வந்த கேடில்லை. வெயிலடித்த ஒரு காலையில், ஸ்பிரிட்டில் சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் இலேசாக இழுத்துவிட, பூச்சு மறுபடி இளகி, ஈரத்தை விட்டு, தெளிந்தது. அரக்கின் பெருமையே அதுதான்: எப்போது வேண்டுமானாலும் இளக்கித் திருத்தலாம்.

அத்தோடு நிறுத்தினேன். தீபாவளிக்கு மேசை மேல் விரிப்பைப் போட்டு மூடி, அதில் பலகாரத் தட்டு வைத்தோம்.

மஞ்சள் திட்டு

இடது மூலையில் அந்த உள்ளங்கை மஞ்சள் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் பழைய தேன் நிறம். அங்கே மட்டும் புண் ஆறிய வெள்ளைத் தோல் போல.

ஸ்டெயின் பூசி நிறத்தைச் சேர்த்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். ஐயாவின் பதில் எனக்குப் பொருத்தமாகப் பட்டது. "நீர் இண்டைக்கு நிறம் பூசிச் சரிக்கட்டுவீர். கீழை பிலா தன்ரை பாட்டிலை நிறம் ஏறிக்கொண்டிருக்கும். அஞ்சு வருசத்திலை அந்த இடம் மற்ற இடத்தை விடக் கறுத்துப்போம். பிறகு என்ன செய்வீர்?"

வெயிலுக்கே விடுவது என்று முடிவு. எங்கள் பல்கனி கடல் பார்த்தது. மாலை மூன்று மணிக்குப் பிறகு வெயில் உள்ளே வரும். மேற்பலகை முழுவதையும் தடித்த காட்போட் மட்டையால் மூடி, திட்டின் வடிவத்துக்கு மட்டும் ஓட்டை வெட்டினேன். ஓட்டையின் விளிம்பை நேராக வெட்டாமல் கந்தலாகக் கிழித்தேன். நேராக வெட்டினால் கோடு விழும். அலுவலகத்தால் வந்ததும் மட்டையை ஒரு விரல் அளவு அங்கும் இங்கும் நகர்த்திவிடுவது ஒரு வேலை. மதிய வெயிலில் வைக்கவில்லை, பலகை வெடிக்கும் என்ற பயம்.

முதல் கிழமையில் பளீர் மஞ்சள் மங்கியது. மூன்றாம் கிழமை பழுத்த பலாச்சுளை நிறம். தைப்பொங்கலுக்குள் பொன்னிறமாகி, பக்கத்து நிறத்துக்கு ஒரு படி குறைவாக வந்து நின்றது. மகள் தினமும் மட்டையைத் தூக்கி எட்டிப் பார்த்து, "இன்னும் வேகேல்லை" என்று சொல்வாள்.

பூச்சு

பொங்கல் கழிந்து, ஜனவரியின் கடைசி இரண்டு கிழமை. கொழும்பில் ஓரளவு உலர்ந்த காலம். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் வேலை. சமையல் எரிவாயு சிலிண்டரை மூடிவிட்டுத்தான் ஸ்பிரிட் போத்தலைத் திறந்தேன்.

முதலில் வெறும் ஸ்பிரிட் துணியால், உரித்த பின் மிச்சமிருந்த பழைய பொலிஷை இளக்கிப் பரவவிட்டேன். பழையதை எடுத்தெறியவில்லை, புதியது அதோடு கரைந்து ஒன்றாகும். பிறகு பஞ்சை உருட்டி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, முன்னால் கூராகப் பிடித்து, உள்ளே அரக்கை ஊற்றி, வெளியே ஒரு சொட்டு லின்சீட் எண்ணெய் தொட்டு இழுப்பது. துணி மேசையில் நிற்கவே கூடாது. பறவை இறங்கி எழும்புவது போலத் தொட்டு, ஓடி, விலக வேண்டும். நின்றால் ஒட்டிக்கொள்ளும், பள்ளம் விழும். எனக்கு முதல் நாள் நான்கு இடத்தில் பள்ளம். இடையில் 400ஆம் இலக்கத் தாளால் மெதுவாகத் தடவி மறுபடி தொடங்கினேன். இந்த மேசையில் சாண்ட் பேப்பருக்குக் கடைசியில் வந்த நியாயமான வேலை அது ஒன்றுதான்.

மூலையில் இருந்து மூலைக்கு, ரேகை போன போக்கிலும் பிறகு வட்டமாகவும், மேற்பலகைக்கு எட்டு நாள், நாளுக்கு மூன்று தரம். ஆறாம் நாள் மரத்துக்குள் வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. தலையைச் சரித்துப் பார்த்தால் ரேகை அசையும்.

எண்ணெய் தொட்ட துணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லின்சீட் எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பற்றும். ஒவ்வொரு நாளும் துணிகளை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பிறகுதான் வெளியேற்றினேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

மேற்பலகைக்கு மட்டும் பொலியூரிதேன் அடியுங்கள், தேத்தண்ணிக் கோப்பை வட்டம் விழாது என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னது சரி. அரக்குக்குச் சூடும் ஸ்பிரிட்டும் ஆகாது. ஆனால் பொலியூரிதேன் தேய்ந்து உரியத் தொடங்கினால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது மரத்தின் தோல் மறுபடி போகும். அரக்கில் வட்டம் விழுந்தால் அரை மணித்தியாலத்தில் நானே எடுப்பேன். இந்த மேசையை இன்னொரு தரம் யாரும் தேய்க்கக்கூடாது என்பதற்காக அரக்கையே மேலேயும் வைத்தேன். அதன் மேல் தேன்மெழுகு. டர்பன்டைனில், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கியது. பெப்ரவரி 4ஆம் திகதி மெழுகைத் துடைத்து முடித்தேன்.

செலவு

மேசை 22,000. லொறியும் தூக்கியவர்களும் 5,500. அரக்கு, ஸ்பிரிட், மெழுகு, முகக்கவசம், கையுறை, மற்றச் சில்லறை எல்லாம் 11,300. காணாமற்போன கைபிடிக்கு ஈடாகப் பழைய பித்தளைச் சாமான் விற்குமிடத்தில் தேடி எடுத்தது 2,600. மொத்தம் 41,400 ரூபா. நேரம் நான் குறித்து வைத்தபடி 74 மணித்தியாலம். அந்தக் காசுக்கு அப்போது மொறட்டுவையில் புது மேசை கிடைத்திருக்கும், நல்ல வேலையாகவும் இருந்திருக்கும். பலாவின் வைரத்தில், கையால் வெட்டிய பல்லோடு கிடைக்காது.

இன்றைய நிலை

எட்டு மாதம் ஆகிறது. கோப்பை வட்டம் இரண்டு விழுந்து, இரண்டையும் எடுத்துவிட்டேன். வண்டு திரும்ப வரவில்லை. பூச்சுக்கு அடியிலும் அந்தத் திட்டு நிறம் ஏறிக்கொண்டே இருக்கிறது. வருபவர்களிடம் எங்கே என்று கேட்டால் மேசையின் நடுவைக் காட்டுகிறார்கள். மகளுக்கு மட்டும் தெரியும். அவள் கண்ணால் தேடுவதில்லை, விரலை ஓட்டிப் பார்க்கிறாள். சாண்டர் இறங்கிய இடம் மயிரிழை பள்ளமாக இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியதும் மூன்றாவது லாச்சி மறுபடி இறுகுகிறது. மரம் நீளத்தில் அசையாது, குறுக்கில்தான் ஈரம் குடித்து ஊதும். பக்கப்பலகையின் மேல்விளிம்பு தட்டில் முட்டுகிறது. இப்போது இழைத்தால் தையில் தொளதொளத்துப் போகும். விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஐயா தன் சிறிய இழைப்புளியைச் சாணை பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஜனவரிக்கு.